பட்டறைத் தெருவுக்கு அரிப்பு வந்த கதை

கரட்டுப்பாளையத்தின் பட்டறைத் தெருவுக்கு அரிப்பு வந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை காலையில், நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு தெருவே பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர்கள் அத்தனை பேருக்கும் இடது கையின் மேல்சதையில், ஒரே இடத்தில், ஒரே சமயத்தில். கோவிந்தா போட்டுக்கொண்டே சொறிந்தார்கள், சொறிந்துகொண்டே துளசி வாங்கினார்கள், துளசியை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி சொறிந்தார்கள். தீர்த்தத்துக்கு நீட்டிய வலது கையை அவசரமாக இழுத்து இடது கையைச் சொறிந்ததில் பாதித் தீர்த்தம் தரையில் போனது.

அண்டா தட்டும் செல்லமுத்துவின் மனைவி ருக்குமணி மட்டும் சொறியவில்லை. அரிப்பு அவளுக்கும்தான் வந்திருந்தது. ஆனால் அவள் பித்தளைக்கு மெருகு போடுகிறவள். புளியிலும் ஆசிட்டிலும் ஊறிய விரல் பட்டால் எரியும் என்று, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாள். சிவப்பாக நாலு தடிப்பு, பக்கம் பக்கமாக, நீள நீளமாக. கையைத் திருப்பினால் உட்பக்கத்தில் குட்டையாக இன்னொன்று. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

இந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் முன்கட்டில் ஒரு பட்டறை, பின்கட்டில் ஒரு குடும்பம். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அண்டாவும் குண்டாவும் போசியும் தவலையுமாகத் தட்டித் தட்டி, அங்கே பிறந்த பிள்ளைகள் சத்தம் இல்லாவிட்டால் தூங்காது என்கிற அளவுக்குச் சத்தத்திலேயே வாழ்கிற தெரு அது. வெயில் இறங்கி, சுத்தியலை வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு டீத் தம்ளரோடு உட்காருகிற நேரத்தில் எப்போதாவது ஏதாவது ஒரு பின்கட்டிலிருந்து ஒரு பெண்ணின் குரல் எழும்பும். எழும்பினால், பக்கத்து வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், சுத்தியலை எடுத்து, கையில் கிடைத்த தகட்டைத் தட்ட ஆரம்பிப்பார். அதைக் கேட்டு அடுத்த வீடு தட்டும், அதைக் கேட்டு எதிர்வீடு தட்டும், டங்கு டங்கு என்று தெரு மொத்தமும் எழும்பி அந்த ஒரு குரலை அப்படியே விழுங்கிவிடும். இதற்கு மறைப்புத் தட்டு என்று பெயர். அடுத்த வீட்டு மானம் நம் காதில் விழக்கூடாது என்று, எந்தக் காலத்திலோ யாரோ நல்ல மனசோடு ஆரம்பித்து வைத்த மரியாதை அது. கல் நெஞ்சுக்காரர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் ஒன்பது வீட்டிலிருந்து ரசம் வரும். சரக்கெடுக்க வந்த வெளியூர் வியாபாரிகள் பொழுது சாய்ந்த பிறகும் கேட்கிற அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய், "உழைப்புன்னா இவியகிட்டத்தான் கத்துக்கோணும்" என்று மெச்சிவிட்டுப் போவார்கள், தெருவும் அதைக் கேட்டு உள்ளூரச் சந்தோஷப்பட்டுக்கொள்ளும்.

அரிப்புக்கு முதலில் கத்திரிக்காயின் மேல் பழி விழுந்தது. தெருவில் கத்திரிக்காய் நின்றது. பிறகு சோப்பை மாற்றினார்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள், ஆசிட் வாங்குகிற கடையை மாற்றினார்கள். தோல் டாக்டர் ஒரே மாதிரிக் கையை ஒரே மாதிரி இடத்தில் வரிசையாகப் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் கொடுத்த களிம்பு பூசிய இடம் குளிர்ந்தது, அரிப்பு குறையவில்லை. ஒரு வாரம் போல அரித்துவிட்டு, தானாகவே ஒரு காலையில் அது காணாமல் போனது.

அடுத்த தடவை முழங்காலுக்கு மேலே வந்தது. அதற்கடுத்த தடவை தோள்பட்டையில்.

ருக்குமணிக்கு விஷயம் பிடிபட்டது குழாயடியில். அவள் வீட்டுக்கு ஒரே சுவராக ஒட்டியிருக்கும் வீட்டில் குடியிருப்பவன் குமரேசன். விளிம்பு மடிப்பதில் அவனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. அவன் மடித்த அண்டா விளிம்பில் விரலை ஓட்டினால் வெண்ணெய் மாதிரிப் போகும். குடிக்க மாட்டான், பீடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் துண்டை இறக்குவான். அவன் பெண்டாட்டி கோமளம், தாராபுரம் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து இரண்டு தீபாவளி ஆகவில்லை. அவள் அன்று குடத்தைத் தூக்கித் தோளில் வைக்கும்போது முந்தானை விலகியது. தோள்பட்டையில் ஒரு ரத்தக்கட்டு, கறுப்பு போய், பச்சை போய், இப்போது பழுத்த இலையின் மஞ்சளுக்கு வந்து, ஆறிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் கூராகவும் மேல்பக்கம் அகலமாகவும் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்த அந்த உருவத்தை ருக்குமணி அன்று காலையில்தான் கண்ணாடியில் தன் தோளில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் குடத்தை நிரம்பவிட்டு வழியவிட்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் தடவை தடிப்பு வந்த கையில் தன் நாலு விரலை வைத்துப் பார்த்தாள். அந்தத் தடிப்பு அவள் விரலைவிட நீளம், அவள் விரலைவிட அகலம் என்பது நன்றாக நினைவிருந்தது. விளிம்பு மடிக்கிற கை. பயமும் பக்தியும் ஒன்றாகக் கலந்து வந்து மேலெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு, சாமி முன்னால் நிற்கும்போதுகூட அப்படிச் சிலிர்த்ததில்லை.

அவள் சொன்னதைச் செல்லமுத்து நம்பவில்லை, மறுநாளே நம்பினார். அவர் நம்பியதும் தெரு நம்பியது. கோமளத்துக்குக் காயம் ஆறினால் தெருவுக்கு அரிக்கிறது, அவ்வளவுதான். யார் யாருக்கு வருகிறது என்று பார்த்தால், சுத்தியல் எடுக்கிற வீட்டுக்கெல்லாம் வருகிறது. தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிற மலையாளத்துக்காரருக்கு வரவில்லை. குழந்தைகளுக்கு வரவில்லை. கோமளத்துக்கு மறுபக்கத்து வீட்டிலேயே இருக்கிற, காது சுத்தமாகக் கேட்காத பொன்னானுக்கு வரவில்லை. குமரேசனுக்கும் வரவில்லை. அதுதான் தெருவுக்குப் பொறுக்கவில்லை.

"அடிக்கறவன் சட்டையில்லாம காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கறான், நாம சொறிஞ்சுட்டுத் திரியறோம். எந்த ஊரு நாயமுங்க இது?" என்றார் செல்லமுத்து.

நியாயம் கிடைக்காத எதையும் மனிதர்கள் பழக்கமாக்கிக்கொள்வார்கள், இந்தத் தெருவும் பழக்கிக்கொண்டது. காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் மழை வருமா என்று கேட்பதுபோல, "கோமளத்துக்கு மஞ்சளாயிருச்சாமா?" என்று கேட்டார்கள். "இன்னும் பச்சைதானாம்" என்று பதில் வந்தால் நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். மஞ்சள் என்றால் வேப்பிலை பறித்து வந்து மஞ்சளோடு அரைத்தார்கள். ஒரு வீட்டில் வளைகாப்பு வைக்க நாள் பார்த்தபோது பஞ்சாங்கத்தையும் பார்த்தார்கள், கோமளத்தின் முழங்கையையும் பார்த்தார்கள். அவளுக்கு ராஜ மரியாதை. ஒரு வீட்டிலிருந்து பால் வந்தது, ஒரு வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வந்தது, சீக்கிரம் ஆறினால் சீக்கிரம் அரித்து முடியும் என்று. வேறு சிலர், மெதுவாக ஆறினால் அரிப்பும் மெதுவாக இருக்கும் என்று வாதாடினார்கள். மாரியம்மன் கோயில் மேடையில் உட்கார்ந்து இதைப் பேசவே ஒரு கூட்டம் போட்டார்கள்.

ஒருத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், அதுல நாம தலையிடறது நல்லாயில்ல. ஆனா குமரேசங்கிட்டப் பக்குவமா ஒண்ணு சொல்லலாம். முதுகுல மட்டும் வேண்டாம்னு. கை எட்ட மாட்டேங்குது பாருங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. ருக்குமணியும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் திரும்பியபோது கோயில் வாசலில் எண்ணெய்த் தூக்குப்போசியோடு கோமளம் நின்றுகொண்டிருந்தாள். அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள்.

தை மாதம் தெரு வழக்கம்போலப் பழனிக்குக் காவடி எடுத்தது. ஆண்கள் எல்லோரும் வெற்று மேலோடு நடந்தார்கள், எல்லோர் முதுகிலும் இடது பக்கம் மேலிருந்து குறுக்கே இறங்குகிற ஒரே கோடு, சிவந்து, தடித்து, வரைந்து வைத்தாற்போல இருந்தது. வழியில் மற்ற ஊர்க் காவடிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு பெண் கையிலிருந்த பிள்ளையைக் கொண்டுவந்து அந்த முதுகுகளுக்கு முன்னால் கிடத்தி, "முருகா, வேல் போட்ட முதுகா இது!" என்று விழுந்து கும்பிட்டாள். பின்னாலேயே ஜனம் விழுந்தது. வெயிலில், தார்ச்சாலையில், அத்தனை பேர் விழுந்து கும்பிடக் கும்பிட, தெரு நடந்துகொண்டே இருந்தது. ஒருவரும் திரும்பி உண்மையைச் சொல்லவில்லை. அது இடுப்பு பெல்ட் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் ருக்குமணிக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. விழுந்து கும்பிட்டவர்கள் தப்பாகக் கும்பிடவில்லை. கும்பிட வேண்டிய முதுகு ஊரில் தனியாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பங்குனி பிறந்த கையோடு அது கழுத்துக்கு வந்தது.

அன்று காலை ஆண்கள் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அரிப்பைச் சொறிய ஒருவருக்கும் கை எழவில்லை. ஏனென்றால் கண்ணாடி பார்த்த எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள்: முன்பக்கம் இரண்டு கட்டைவிரல், பக்கத்துக்கு நாலு நாலாகப் பின்கழுத்துவரை போகிற விரல்கள். பால்காரர் அன்று தெருவுக்குள் வந்து, கழுத்தை மறைத்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று மெல்லக் கேட்டார்.

கோயில் பூசாரி வேப்பிலையால் எல்லோர் கழுத்தையும் தடவிவிட்டு, "கவலைப்படாதீங்க. ஆத்தா கழுத்து வரைக்கும் வந்துட்டா. இதுக்கு மேல போறதுக்கு எடமில்ல. இதோட முடிஞ்சுரும்" என்றார். அதைக் கேட்டுத் தெரு பெருமூச்சு விட்டது.

ருக்குமணி விடவில்லை. மெருகு போடும் கட்டையில் உட்கார்ந்து ஒரு குடத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். கோமளத்துக்கு ஆறுவதால்தான் நமக்கு அரிக்கிறது. ஆறுவதற்கு அவள் வேண்டும். இந்த அரிப்பு நிற்க இரண்டே வழிதான் உண்டு. ஒன்று அவள் அடிபடக்கூடாது, இல்லையென்றால் ஆறுவதற்கு அவள் இருக்கக்கூடாது. செத்த உடம்பில் எந்தக் காயமும் ஆறாது. அது நடந்தால் மறுநாள் காலையில் தெரு எழுந்து கண்ணாடி பார்க்கும், கழுத்து சுத்தமாக இருக்கும், மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும். நினைக்கும்போதே கையிலிருந்த குடம் நழுவி உருண்டது.

அவள் நேராகக் கோமளத்தின் வீட்டுக்குப் போனாள். குமரேசன் தகடு எடுக்கச் சந்தைக்குப் போயிருந்தான். கோமளம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், குரல் கட்டிப்போய், காற்றாகத்தான் வந்தது.

"அரிக்குதாக்கா?" என்று முதலில் அவள்தான் கேட்டாள்.

"அத உடு கண்ணு. ஊருக்குப் போயிரு. உங்கப்பனுக்குப் போன் போட்டுத் தாரேன்."

"போட்டேனுங்க்கா. அனுசரிச்சுப் போன்னாங்க." கோமளம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க்கா, நீங்க எல்லாரும் தட்டறீங்கல்ல? அது இந்தச் செவுத்துக்குள்ள இருந்து கேட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் ருக்குமணி.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். இத்தனை வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் செல்லமுத்துவுக்கும் கை நீண்டது. ரசத்துக்கு உப்பு கூடினால் ஒன்று, மாமியார் ஏதாவது சொல்லிவைத்தால் இன்னொன்று என்று கொஞ்ச காலம் நடந்து, மூத்தவன் பிறந்த பிறகு எப்படியோ நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவளும் கேட்கவில்லை, ஏன் அடித்தேன் என்று அவரும் சொல்லவில்லை. அடி மறந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். மறக்காதது அந்தச் சத்தம். முதல் அடியில் அவள் வாய்விட்டு அலறியபோது, யாராவது வருவார்கள் என்று நம்பிய அந்த நொடியில், எதிர்வீட்டில் டங்கு என்று ஒரு சுத்தியல் விழுந்தது. பிறகு பக்கத்து வீட்டில் விழுந்தது. பிறகு தெரு முழுக்க விழுந்தது. உள்ளே கிடப்பவளுக்கு, ஒருவன் அடிக்கிற மாதிரி இருக்காது அது. ஊரே கூடி அடிக்கிற மாதிரி இருக்கும்.

"தெரியும் கண்ணு" என்று மறுபடி சொன்னாள் ருக்குமணி. இருவரும் அடுப்பு அணைகிறவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம், கழுத்துத் தடிப்பு இன்னும் மறையாத ஒரு சாயங்காலம், டீ நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் குரல் எழும்பியது. குரல் என்று சொல்ல முடியாது, கட்டிப்போன தொண்டையிலிருந்து ஒரு கீச்சு. செல்லமுத்து வழக்கம்போலத் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார், வழக்கம்போலச் சுத்தியலை எடுத்தார், ஓங்கினார். ருக்குமணி போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உடு புள்ள. கேக்குது பாரு" என்றார் அவர்.

"கேக்கட்டும்."

"தெரு என்ன நெனைக்கும்?"

"கேக்கட்டும்ங்கறேன்."

அவள் பிடித்த பிடியை அவரால் உதற முடியவில்லை. முப்பது வருஷம் பித்தளை தேய்த்த கை அது. அவருடைய சுத்தியல் விழாததால் அடுத்த வீட்டுக்கு எடுப்புக் கிடைக்கவில்லை. அவர்கள் ஓங்கிய சுத்தியலோடு காத்திருந்தார்கள். அவர்களுக்காக எதிர்வீடு காத்திருந்தது, எதிர்வீட்டுக்காக அதற்கடுத்த வீடு காத்திருந்தது, இப்படி அந்த முனை முதல் இந்த முனைவரை அத்தனை சுத்தியலும் அந்தரத்தில் நின்றன. பட்டறைத் தெரு உண்டான நாளிலிருந்து கேட்டிராத ஒன்று அப்போது கேட்டது. ஒன்றுமே கேட்கவில்லை. வேப்பமரத்தில் காற்று புகுந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது. ஏதோ ஒரு வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. தொட்டில் பிள்ளைகள் அந்த அமைதிக்குப் பயந்து விழித்துக்கொண்டன, ஆனால் அழவில்லை. அந்த அமைதிக்கு நடுவில், தண்ணீரில் கல் விழுவதுபோல ஒவ்வொன்றாக, அடி விழுந்தது. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்டது. பெரியவர்கள் சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

குமரேசனுக்கும் கேட்டது. தன் கை என்ன சத்தம் போடும் என்று அவன் அதுவரை அறிந்ததில்லை. ஓங்கிய கையோடு அவன் நின்றான், தெரு ஏன் தட்டவில்லை என்று கதவைத் திறந்து பார்த்தான். வாசலில் ருக்குமணி நின்றாள். அவளுக்குப் பின்னால் தெரு நின்றது, கழுத்தை மூடாமல். அவனுடைய இரண்டு கையும் அத்தனை கழுத்திலும் இருந்தன. குமரேசன் அதைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

இளவட்டங்கள் நாலு பேர் பாய்ந்து அவனை வெளியே இழுத்தார்கள். ஒருவன் கையை ஓங்கியும்விட்டான். ஓங்கிய பிறகுதான், இது எங்கே போய் யாருக்கு அரிக்கும் என்ற சந்தேகம் வந்து அந்தக் கை பாதியில் நின்றது. அப்போது உள்ளேயிருந்து கோமளம் வந்தாள், வாசல்படியைப் பிடித்துக்கொண்டு.

"அடிக்காதீங்க" என்றாள் அந்தக் காற்றுக் குரலில். "அவரு கத்துனா எனக்குக் கேக்கும். எனக்குக் கேட்டா எனக்குத்தான் அரிக்கும். போலீசுக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வாரேன்."

போனார்கள். தெரு மொத்தமும் போனது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்து, "நாலு செவுத்துக்குள்ள நடந்ததும்மா, யாரு சாட்சி?" என்று கேட்டார். ருக்குமணி முன்னால் போய் முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டி, "எனக்குக் கேட்டுதுங்க" என்றாள். அடுத்து செல்லமுத்து துண்டை எடுத்தார். "எனக்குக் கேட்டுதுங்க." அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசை வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டிப் போனது. எஸ்.ஐ. எழுந்து நின்றார். அவர் ஏன் எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியாது.

குமரேசனை உள்ளே வைத்தார்கள். கோமளம் தாராபுரத்துக்குப் போகவில்லை. ருக்குமணியின் வீட்டு உள்ளறையில் தங்கி அவளோடு மெருகு போட உட்கார்ந்தாள். அவளுடைய கடைசிக் காயம் ஆறியபோது தெருவுக்குக் கடைசியாக ஒருமுறை அரித்தது. இந்தத் தடவை வேப்பிலை அரைக்கவில்லை, களிம்பு பூசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். பிறகு அது போனது, எல்லோரும் தோல் தெளிந்து வெளியே வந்தார்கள், முடிந்தது என்று தெரு நினைத்தது.

சித்திரையில் ஒரு காலை எதிர்வீட்டுச் சரசாள் தெருவைக் கடந்து வந்தாள். ருக்குமணியைவிட வயதில் மூத்தவள். குழாயடிச் சண்டை ஒன்றில் முறுக்கிக்கொண்டு பல வருஷமாகப் பேச்சை நிறுத்தியவள், அன்று விறுவிறுவென்று முன்கட்டைத் தாண்டி உள்ளே வந்து, செல்லமுத்து அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பதைக்கூடப் பார்க்காமல், புடவையை விலக்கி இடுப்புக்கு மேலே விலாவைக் காட்டினாள். அங்கே அரை வட்டமாக, சிவந்து, தடித்து ஒரு பிறை.

"கோமளத்துதுன்னு பாத்தேன். அவளுக்கு அங்க ஒண்ணுமில்லங்கறா. ரண்டு நாளா யோசன பண்ணிப் பண்ணி இன்னைக்குத்தான் தட்டுப்பட்டுச்சு" என்றாள் சரசாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ருக்கு, இது உன்றது."

ருக்குமணி அந்தப் பிறையைப் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் விலாவுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, எத்தனையோ வருஷமாக ஒன்றும் இல்லை.

செல்லமுத்துவும் பார்த்தார். போசி விளிம்பின் வளைவு அவருக்குத் தெரியாததா? தம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தார், அது தரையைச் சேராமல் சாய்ந்து டீ ஓடியது. "அது நான் அடிச்சது" என்றார். வீட்டில் யாரும் கேட்காத கேள்விக்கு முதல் தடவையாகப் பதில் சொல்லிவிட்டு, சுவரோடு சுவராக உட்கார்ந்தார்.

"எனக்குக் கேட்டுது கண்ணு" என்றாள் சரசாள். "அன்னைக்கு எங்கூட்டுலதான் மொத சுத்தியப் போட்டோம். எனக்கு நல்லாக் கேட்டுது."

"இத்தன வருசங் கழிச்சு ஏனக்கா இப்ப?" என்று கேட்டாள் ருக்குமணி.

சரசாள் அவள் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"ஆறுனாத்தானே கண்ணு அரிக்கும்? உனக்கு இப்பத்தான் ஆறுதாட்ட இருக்குது."